நீல டப்பாவில் நின்ற மரம்

படுத்தே கிட என்று சொல்வது டாக்டரம்மாவுக்குச் சுலபம். சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார். கிடக்க வேண்டியவள் நான். வில்லியனூரில் ஜவுளிக் கடையில் நாளெல்லாம் நின்றபடி புடவை விரித்துக் காட்டிப் பிழைத்தவள். என் கர்ப்பப்பையின் வாயில் ஒரு தையலைப் போட்டு, பாத்ரூமுக்கு மட்டும்தான் எழுந்திருக்கலாம், மற்ற நேரமெல்லாம் இடது பக்கம் சாய்ந்தே படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கட்டிலில் தள்ளிவிட்டார்கள். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் எங்களுக்குத் தங்காமல் போயின. இது மூன்றாவது. இதுவாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது உலகத்தில் வேறு எந்த ஆசையும் இல்லை.

இடது பக்கம் சாய்ந்தால் என்ன தெரியும்? சுவர் தெரியும். சுவரில் பங்குக் கோயில் காலண்டர். அதில் மாதா. மாதாவை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? அவருக்கே கூச்சமாக இருக்கும். இரண்டே நாளில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல் ஆயிற்று. அப்போதுதான் ஹாலில் நின்ற கிறிஸ்மஸ் மரம் ஞாபகம் வந்தது.

டிசம்பரில் குடில் கட்டும்போது என் வீட்டுக்காரர் பாஸ்கல் நர்சரியில் இருந்து வாங்கி வந்த மரம் அது. பிளாஸ்டிக் இல்லை, உயிருள்ளது. இடுப்பு உயரம். நடுவில் ஒரு தண்டு, அதில் அடுக்கடுக்காகக் கிளைகள், ஒவ்வொரு அடுக்கிலும் சுற்றிவரக் கைகள். இலை என்று பெயருக்குத்தான். தொட்டால் மெத்தென்ற பச்சை ஊசிகள். எங்கோ கடலுக்கு நடுவில் ஒரு தீவில் பனைமர உயரத்துக்கு மேல் வளர்கிற சாதியாம். பாஸ்கல் அதைத் தொட்டியில் வைக்காமல், வீட்டுக்கு வர்ணம் அடித்தபோது மிஞ்சிய நீலப் பெயிண்ட் டப்பாவில் அப்படியே பையோடு இறக்கி வைத்திருந்தார். பண்டிகை முடிந்து குடிலைப் பிரித்தபோது அது மட்டும் மூலையில் நின்றுவிட்டது. பனி என்று நாங்கள் ஒட்டிய பஞ்சு அதன் மேல் அங்கங்கே இருந்தது. புதுச்சேரி வெயிலில் பனி! எங்களுக்கும் விவஸ்தை இல்லை.

"இன்னாங்க, அந்த மரத்த இங்க கொண்டாந்து வைங்க" என்றேன்.

"இங்க எதுக்கு? கொசு வரும்."

"அது வரலன்னா நான் எழுந்து ஹாலுக்கு வருவேன்."

அடுத்த நிமிடம் டப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்று அவர் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் முணுமுணுத்தார்.

கிழக்கு ஜன்னலோரம், படுத்தபடியே என் கண்ணில் படும்படி அது நின்றது. நேர் வெயில் படாமல் இருக்கப் பாஸ்கலின் பழைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினோம். காலையில் வெளிச்சம் வேட்டி வழியாக வடிந்து மரத்தில் விழும். மரத்தின் நிழல் சுவரில் விழும். அந்த நிழல் மெல்ல மெல்ல நகர்ந்து காலண்டரைத் தொட்டு, மாதாவின் நீல முக்காட்டைக் கடந்து, மத்தியானத்துக்குள் காணாமல் போகும். எனக்குக் கொடுத்த மாத்திரைகள் தூக்கத்தையும் விழிப்பையும் ஒன்றாகப் பிசைந்துவிட்டன. நிழல் நகர்கிறதா, கட்டில் நகர்கிறதா என்று தெரியாமல் நான் மிதந்துகொண்டே இருந்தேன்.

நான் பிறந்த ஊர் பாகூர். மாத்திரை மயக்கத்தில் எந்தப் பக்கம் கண்ணை மூடினாலும் பாகூர் ஏரிதான் வரும். ஏரி நிறையத் தண்ணீர். நடுவில் இந்த மரம், அதன் தீவில் வளர்வது போல அவ்வளவு உயரமாக. கிளைகள் பாதை அகலம் இருக்கும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் அடுக்கில் இருந்து அடுத்த அடுக்குக்கு நடந்து நடந்து ஏறுவேன். காலில் ஊசிகள் மெத்தென்று அழுந்தும். எனக்கு மேலே யாரோ ஏறிக்கொண்டிருப்பார்கள். முகம் தெரியாது. இரண்டு சின்னப் பாதங்கள் மட்டும் தெரியும். "இரு, நானும் வரேன்" என்று கத்துவேன். பாதங்கள் நிற்கும், நான் அந்த அடுக்குக்கு வந்ததும் மறுபடி ஏறும். விழித்த பிறகும் அந்தப் பாதங்களின் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் இருந்துகொண்டே இருக்கும். நெஞ்சு வலிக்கும் அளவுக்குப் பிரியம்.

இப்படி ஒரு கனவில் இருந்து எழுந்த ஒரு நாள்தான் அந்தப் பேரத்தைப் பேசினேன். யாரிடம் என்று கேட்டால் தெரியாது. கடவுளிடம் என்றால் பங்குச் சாமியார் திட்டுவார். மரத்தின் உச்சியில் ஒரு மொட்டு இருந்தது. அது விரிந்து புது அடுக்கு வந்தால் என் பிள்ளை தங்கும். அவ்வளவுதான். சொல்லி முடித்ததும் எனக்கே பயம் வந்துவிட்டது. விளையாட்டாகப் பேசிய பேரம் இல்லை அது. மனசு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

பாஸ்கலிடம் சொன்னேன்.

"லூசாடி நீ?" என்றார். "செடிக்கும் புள்ளைக்கும் இன்னா சம்பந்தம்?"

சொல்லிவிட்டு வெளியே போனவர், மறுநாள் முதல் அந்த மரத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். மண்ணாடிப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் ஆட்களை ஏற்றிக் கம்பெனியில் விடும் வேன் ஓட்டுகிறவர் அவர். காலை டிரிப் முடிந்தால் மாலை வரை வீட்டில்தான் இருப்பார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் டப்பாவுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். மேல் மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். டப்பாவைக் கொஞ்சம் திருப்பி வைப்பார், மரம் ஜன்னல் பக்கமே சாய்ந்துவிடக் கூடாது என்று. ஃபேன் காற்று அதன் மேல் படாமல் ஃபேனைத் திருப்புவார், வியர்ப்பது எனக்கு. நர்சரிக்காரர் அவரிடம் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்: கீழ்க் கிளை உதிர்ந்தால்கூடப் பரவாயில்லை, உச்சியை மட்டும் காப்பாற்றுங்கள், உச்சி போனால் இந்த மரம் நேராக எழும்பாது. அதைப் பாஸ்கல் என்னிடம் வேறு வந்து சொன்னார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குச் சோறு ஊட்டுவார், கால் பிடித்துவிடுவார், தலை பின்னிவிடுவார். ஆனால் என் வயிற்றைத் தொட மாட்டார். அதைப் பற்றிப் பேசவும் மாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஸ்கேன் அறை வாசலிலேயே நின்றுவிடுவார். இரண்டாவது பிள்ளையின்போது அவர் உள்ளே வந்திருந்தார். அன்றைக்கு அந்த மெஷினில் இருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. நர்ஸ் அதை அணைத்துவிட்டுத் திரையைத் திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு அவர் எந்த ஸ்கேன் அறைக்குள்ளும் கால் வைத்ததில்லை. சூடு கண்ட பூனை. எனக்கு அவர் மேல் கோபம் உண்டு. அந்தச் சூடு எனக்கும்தான் பட்டது. நான் மட்டும் உள்ளே போய்ப் படுக்கவில்லையா?

எங்களைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா ஸ்டெல்லா வந்து தங்கியிருந்தார். ஸ்டெல்லா அண்ணிக்கு இரண்டு நம்பிக்கைகள். ஒன்று மாதா. இன்னொன்று, தான் சமைத்தால்தான் மற்றவர்கள் உயிரோடு இருப்பார்கள் என்பது. வில்லியனூர் லூர்து மாதா கோயில் குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து எனக்கு ஒரு மூடி கொடுப்பார். பாக்கியை மரத்துக்கு ஊற்றுவார். எனக்கு என்ன வேண்டுதலோ அதே வேண்டுதல் மரத்துக்கும் என்று அவரும் தெரிந்துகொண்டிருந்தார். பாஸ்கலின் வாய் அப்படி. ஒரு வாரத்தில் கீழ் அடுக்கு பழுக்கத் தொடங்கியது.

"அண்ணி, தண்ணி அதிகமானா வேர் அழுவிடும்" என்றேன்.

"மாதா தண்ணில எதுனா அழுவுமாடி? வாய கழுவு."

"அக்கா, சாமியார் கோயில்ல தீர்த்தம் தெளிக்கிறாரு, குடம் குடமாவா ஊத்துறாரு?" என்றார் பாஸ்கல். "தெளி. ஊத்தாத."

அண்ணி யோசித்தார். மறுநாள் காலையில் ஒரு வேப்பங்கொத்தோடு வந்து, அதைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து, அருள் நிறைந்த மரியே சொல்லியபடி மரத்தின் மேல் நான்கு பக்கமும் தெளித்தார். மிச்சம் என் மேலும் விழுந்தது. அந்த மரத்துக்கு அதைவிட நல்ல வைத்தியம் வேறு இல்லை. காற்றில் ஈரம் கேட்கிற மரம். வெயில் ஏற ஏறத் தினமும் தெளிப்பு. பங்குனி வெயிலில் ஊரே காய்ந்தபோது எங்கள் மரம் மழைக்காலத்தில் இருந்தது. அண்ணி அதோடு விடவில்லை. மரத்தின் அடியில் ஒரு மாதா சுரூபம் வைத்தார், ஒரு மெழுகுவர்த்தி வைத்தார், ஒரு கிளையில் ஜெபமாலையைத் தொங்கவிட்டார். நான் சிரித்தால் அடிக்க வருவார்.

சித்திரை பிறந்தபோது உச்சி மொட்டு வீங்கியது. பிறகு பிளந்தது. இளம்பச்சையில் சின்னச் சின்ன விரல்கள் எட்டிப் பார்த்தன. அதே சமயத்தில் என் உள்ளேயும் ஒன்று காலை நீட்டி உதைக்க ஆரம்பித்திருந்தது. சாப்பிட்டதும் உதைக்கும், அண்ணி பாடினால் உதைக்கும், பாட்டு பிடிக்காமல்தான் இருக்க வேண்டும். நான் மரத்தைப் பார்ப்பேன், வயிற்றைப் பார்ப்பேன். என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாகவும் அவ்வளவு பயமாகவும் நான் இருந்ததில்லை. கிளைகளை எல்லாம் எனக்கு முகம் முகமாகத் தெரியும். மூன்றாவது அடுக்கில் நான்கு கைகள். அதில் ஒன்று எப்படித் திருப்பி வைத்தாலும் ஜன்னல் பக்கமே வளைந்துகொள்ளும். அதற்குச் சண்டி என்று பெயர் வைத்திருந்தேன். இதைப் பாஸ்கலிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே லூசு என்று சொன்னவர்.

முத்துலட்சுமி அக்கா பிள்ளைச்சாவடியில் இருந்து வருகிறவர். அவர் வீட்டு ஆண்கள் கடலுக்குப் போகிறவர்கள். இவர் கூடையோடு பஸ் ஏறி வந்து எங்கள் ஊரில் மீன் விற்கிறவர். எனக்கு இப்படி ஆனதில் இருந்து சங்கரா மீன் வந்தாலும் சென்னாகுனிப் பொடி இறால் வந்தாலும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான். கூடையை வாசலில் இறக்கிவிட்டு, காலைக் கழுவி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, என் அறை நிலைப்படியில் நின்று எட்டிப் பார்ப்பார். முதல் தடவை அந்த மரத்தைப் பார்த்தபோது வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"இன்னா கண்ணு, வூட்டுக்குள்ளயே சாமி மரம் வச்சிருக்கீங்க?"

மெழுகுவர்த்தி, மாலை, தீர்த்தம். அவர் வேறு என்ன நினைப்பார்? நான் மறுக்கவில்லை. எனக்கும் அது ஏறக்குறைய அப்படித்தான் ஆகியிருந்தது.

ஒரு நாள் மத்தியானம். அண்ணி கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பாஸ்கல் வேனுக்கு டீசல் போடப் போயிருந்தார். நான் ஏரி நடுவில் ஏறிக்கொண்டிருந்தேன். தண்ணீரின் மேல் முத்துலட்சுமி அக்கா நடந்து வந்தார். தலையில் கூடை இல்லை. கையில் மஞ்சள் துணி. அதில் ஒரு கூழாங்கல்லை வைத்துச் சின்னத் தொட்டில் மாதிரி முடிந்திருந்தார். அவர் எம்பி எம்பி மரத்தின் உச்சிக்குக் கையை நீட்டினார். "உசரத்துல கட்டுனாதான் சாமிக்கு மொதல்ல தெரியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், நாக்கு எழவில்லை. முருங்கைக் குச்சி ஒடிவது போல ஒரு சத்தம். பிறகு ஏரி மூடிக்கொண்டது.

கண்ணைத் திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மரம் நின்றது. உச்சியில் தொட்டில் இல்லை, ஒடிசல் இல்லை. அப்பாடா, கனவுதான் என்று மூச்சு விட்டேன். பாஸ்கல் டப்பாவுக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மாலை டிரிப்புக்குப் போகாமல் ஏன் இங்கே இருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஜெனி, பாத்தியா?" என்றார். "புது அடுக்கு விரிஞ்சிடுச்சி!"

விரிந்துதான் இருந்தது. சாதாரணமாக இல்லை, உள்ளங்கை அகலத்துக்கு. காலையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த விரல்கள் ஒரே மத்தியானத்தில் கல்யாணப் பந்தல் போட்டுவிட்டன. நான் மூன்றாவது அடுக்கைப் பார்த்தேன். ஐந்து கைகள். சண்டியைக் காணோம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மாதக் கணக்காக வேறு எதையும் பார்க்காமல் கிடந்தவளிடமா? எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர் பாட்டிலை எடுத்து வீசியிருப்பேன். என்னை அவ்வளவு முட்டாள் என்று நினைத்துவிட்டாரா? என் மரம் எங்கே? என் மரத்துக்கு என்ன ஆயிற்று? கேட்க வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். பேன்ட் முட்டியில் நர்சரிச் செம்மண். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பழைய மண்ணைக் கொஞ்சம் எடுத்துப் புதுப் பையின் மேல் தூவி, ஜெபமாலையை அதே பக்கத்தில் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மண்ணுக்குள் விட்டிருந்த விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. செடிக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட மனிதர். என் பேரத்தை என்னைவிட அதிகமாக நம்பியிருக்கிறார்.

"ஆமாங்க," என்றேன். "விரிஞ்சிடுச்சி. அழகா இருக்குது."

அவர் எழுந்து அவசரமாக வெளியே போனார். கொல்லையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் முகம் கழுவினார்.

மறுநாள் காலையில் மிச்சக் கதையும் தெரிந்துவிட்டது. ஸ்டெல்லா அண்ணிக்கு ரகசியம் பேசத் தெரியாது. அவருடைய ரகசியம் தெருமுனை வரை கேட்கும். என் ஜன்னலுக்குக் கீழே முத்துலட்சுமி அக்காவை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"உன்ன யாரு அந்தத் துணியக் கட்டச் சொன்னது? உச்சி ஒடிஞ்சி தொங்குது. பூச்சி மாதிரி இருக்கறவ எம் தம்பி பொண்டாட்டி, அவளுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?"

"எங்க ஊர்ல கோயில் வேப்பமரத்துல அப்டிதான்மா கட்டுவோம். எம் மருமவளுக்குக் கட்டுனேன், புள்ள தங்குச்சி. அந்தப் பொண்ணுக்கும் தங்கட்டும்னுதான்... நான் பாவிமா." முத்துலட்சுமி அக்கா அழுதார்.

"அழாத. பாஸ்கலு வேற மரம் கொண்டாந்து வச்சிட்டான். ஒடிஞ்சத வாழக்கட்டைக்குப் பின்னால மறைச்சிட்டோம். நீ வாயத் தொறக்காத, அவ்ளோதான்."

நான் இடது பக்கம் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அக்கா மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சொந்த மருமகளுக்குச் செய்ததை எனக்கும் செய்தவரை எப்படிக் கோபிப்பது? ஆனால் உச்சி ஒடிந்தது என்று காதால் கேட்ட பிறகு, எனக்குள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்துவிட்டது. பேரம் பேசியது எந்த மரத்தின் மேல்? வாழைக்குப் பின்னால் கிடக்கிற மரத்தின் மேல். டப்பாவில் நிற்கிற இந்தப் பந்தல்காரன் யாரோ.

கையை வயிற்றில் வைத்தேன். காத்திருந்தேன்.

இட்லி சாப்பிட்டேன். உதைக்கவில்லை. அண்ணியைப் பாடச் சொன்னேன். ஆச்சரியப்பட்டு இரண்டு பாட்டுப் பாடினார். உதைக்கவில்லை. சர்க்கரை போட்டுப் பால் வாங்கிக் குடித்தேன். ஐஸ் தண்ணீர் குடித்தேன். வேட்டித் திரை வழியாக வெளிச்சம் வந்தது, புது மரத்தின் நிழல் சுவரில் நகர்ந்தது, மாதாவைத் தொட்டது, கடந்தது. நான் கண்ணை இறுக்கி மூடி ஏரிக்குப் போனேன். மரம் இருந்தது. மேலே பாதங்கள் இல்லை. அடுக்கடுக்காகத் தேடினேன், கத்தினேன். ஊசிகள் மேல் காற்று போகிற சத்தம் மட்டும்.

"இன்னாங்க!" என்று நான் போட்ட கூச்சலில் பாஸ்கல் ஓடி வந்தார்.

"அசையல. காலைல இருந்து அசையல."

அவர் முகம் வெளுத்தது. நான் பார்த்தேன். என்னைத் தூக்கினார். கம்பெனி வேனின் பின் சீட்டில் படுக்க வைத்தார். அண்ணி செருப்புக்கூடப் போடாமல் ஏறினார். தெருவில் கூடையோடு நின்ற முத்துலட்சுமி அக்கா, யாரும் கூப்பிடாமலே, கூடையை எங்கள் வாசலில் போட்டுவிட்டு ஏறி வேன் தரையில் உட்கார்ந்து என் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அண்ணி ஜெபமாலை சொன்னார். முத்துலட்சுமி அக்கா தன் அம்மனைக் கூப்பிட்டார். டவுன் போகும் வரை இரண்டு சாமிக்கும் ஓய்வில்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை. அசை, அசை என்று என் பிள்ளையிடம் மட்டும் சொல்லிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் என்னை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். பாஸ்கல் வழக்கம் போல வாசலில் நின்றார்.

"உள்ள வாங்க" என்றேன்.

"நான் இங்க இருக்கேன் ஜெனி."

"என்னால தனியா கேக்க முடியாது. வாங்க."

வந்தார். சுவரோடு சுவராக நின்றார். டாக்டரம்மா என் வயிற்றில் குளிர்ச்சியாக எதையோ தடவி, சின்ன மைக் போல ஒன்றை வைத்து அழுத்தினார். கரகரவென்று இரைச்சல். இங்கே வைத்தார், அங்கே வைத்தார். இரைச்சல்தான். டாக்டரம்மாவின் புருவம் சேர்ந்தது. பாஸ்கல் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்ளப் போனதை நான் பார்த்தேன். நான் என் கையை நீட்டினேன். அவர் அதைப் பிடித்தார், என் விரல்கள் நொறுங்கிவிடும் போல.

அப்போது அது வந்தது. டுப்பு டுப்பு டுப்பு டுப்பு. வேகமாக, கெட்டியாக, யாருடைய பேரத்தையும் பற்றிக் கவலைப்படாமல்.

"நல்லா இருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. "தூங்கியிருக்கும். இல்லன்னா அந்தப் பக்கமா திரும்பிப் படுத்திருக்கும். ஸ்கேனும் ஒண்ணு பாத்துடலாம். பயப்பட ஒண்ணுமில்ல."

பாஸ்கல் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, தேம்பித் தேம்பி அழுதார். பெரிய மீசை வைத்த மனிதர் அப்படி அழுது டாக்டரம்மா பார்த்திருக்க மாட்டார்.

"மரத்த மாத்திட்டேன் டாக்டர்" என்றார்.

"எந்த மரத்த?"

"உச்சி ஒடிஞ்சிடுச்சி. இவகிட்ட சொல்லல. வேற வாங்கி வச்சி ஏமாத்திட்டேன். அதனாலதான் இப்டி ஆயிடுச்சோன்னு..."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். வீட்டில் யாராவது மனநலம் சரியில்லாதவர்கள் உண்டா என்று கேட்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"எனக்கு நேத்தே தெரியும்" என்றேன்.

பாஸ்கல் தலையைத் தூக்கினார். "தெரியுமா? அப்பறம் ஏன் ஆமாம்னு சொன்ன?"

"உன் விரல் நடுங்குச்சி. அதான்."

பதினோரு வருஷத்தில் அவரை நான் 'உன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அவர் முட்டி போட்டபடியே கட்டிலருகில் நகர்ந்து வந்தார். பிசின் மாதிரி இருந்த அந்த மருந்தில் கை வழுக்க, என் வயிற்றின் மேல் உள்ளங்கையை முழுதாக வைத்தார். பயந்து பயந்து, சூடு பார்ப்பது போல. டுப்பு டுப்பு என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"சரி, அடுத்த பேஷண்ட் வெயிட் பண்றாங்க" என்று டாக்டரம்மா பொத்தானுக்குக் கையை நீட்டினார்.

"மேடம், ஆஃப் பண்ணாதீங்க" என்றார் பாஸ்கல். "எனக்கு இதான் மொத தடவ."

டாக்டரம்மா கையை இழுத்துக்கொண்டார். பிறகு நர்ஸிடம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.